பின்னால் மட்டும் போன வண்டி

ஒரு திங்கட்கிழமை காலையில் தங்கப்பழத்தின் வண்டி முன்னால் போக மறுத்துவிட்டது.

பின்னால் போனது. முன்னால் போகச் சொன்னால் எஞ்சின் மட்டும் உறுமியது, சக்கரம் இம்மிகூட அசையவில்லை. உப்பளத்தில் சாக்குக் கட்டுகளை இறக்கிவிட்டு நின்றிருந்தார் அவர். கியர் குச்சியைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். வண்டியின் அப்பனைத் திட்டினார். ஆத்தாளைத் திட்டினார். அதைச் செய்து அனுப்பிய ஜப்பான்காரனின் ஏழு தலைமுறையைத் திட்டினார். பிறகு இருக்கையில் முறுக்கித் திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, வீட்டை நோக்கி வண்டியைப் பின்னாலேயே ஓட்டத் தொடங்கினார்.

நாலு கிலோமீட்டர். தூத்துக்குடியே வேடிக்கை பார்த்தது.

"அண்ணாச்சி, ஊருக்கு வாறீங்களா, ஊரை விட்டுப் போறீங்களா?" என்றான் டீக்கடைக்காரன்.

"உன் பால்ல எவ்வளவு தண்ணின்னு திரும்பிப் பாத்துக்கிட்டே போறேன்லே!"

மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பும் முக்கில் ஒரு கோழி குஞ்சுகளோடு ரோட்டில் இறங்கியது. நிறுத்தினார். ஏழு குஞ்சுகள் அந்தப் பக்கம் ஏறிவிட்டன. எட்டாவதற்குச் சாக்கடைக் கல் ஏற முடியவில்லை. குதித்தது, விழுந்தது, மறுபடி குதித்தது. அவரைத் தொடர்ந்து வந்த ஸ்கூட்டர் ஒன்று ஒதுங்கி நின்றது. மீன் வண்டி ஆரன் அடித்தது. தங்கப்பழம் கோழியின் குடும்பத்தையும் ஒரு வழி திட்டித் தீர்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டை ஒட்டிய சாக்குக் கொட்டகையில் வண்டி ஒரு கீறல் இல்லாமல் வந்து நின்றது. அவர் கழுத்துதான் மூன்று நாளைக்குத் திரும்பவில்லை.

*

தங்கப்பழத்தின் இடதுகால் இளம்பிள்ளைவாதத்தில் போனது. பத்து வயது வரை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். தெருப் பையன்கள் பின்னாலேயே தாலாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். பத்து வயதில் ஒரு நாள், இனி என்னை ஒருத்தரும் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கம்பை ஊன்றிக் கிளம்பினார். அதன்பிறகு ஒருவரும் அவரைத் தூக்கவில்லை. பழைய சாக்கு வாங்கி விற்றார். ஒரு சாக்குக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசினார். உப்பளங்கள் பூராவும் அவர் சாக்குதான் என்ற நிலை வந்தது.

அந்த வண்டியைத் துறைமுக ஏலத்தில் எடுத்தார். துறைமுகத்தில் கடலை ஆழப்படுத்த வந்த கம்பெனிக்காரன் விட்டுவிட்டுப் போன பிக்கப். கிளட்ச் மிதி கிடையாது. கியர் தானாகவே மாறும். இடதுகாலுக்கு வேலையே இல்லாத வண்டி. ஏலத்துக்கு வந்த மற்றவர்கள் அதைக் குறை என்றார்கள். தங்கப்பழம் வெளியே காட்டிக்கொள்ளாமல் உள்ளுக்குள் சந்தோஷத்தில் அழுதார். இருபத்தொரு வருஷமாக அதுதான் அவருக்குக் கால்.

இப்போது அந்தக் கால் போய்விட்டது.

ஊரில் ஆறு மெக்கானிக் பார்த்தார்கள். ஆறு பேரும் அடியில் குனிந்தார்கள், ஆறு பேரும் தலையை ஆட்டினார்கள். "இந்த மாதிரிக் கியர் பெட்டியில நாங்க கை வைக்க மாட்டோம் அண்ணாச்சி. கழட்டி எறிஞ்சிட்டு கிளட்ச் வச்ச பெட்டி மாட்டிரலாம்."

"கிளட்சை உங்க ஆத்தா வந்து மிதிப்பாளாலே?"

அத்தோடு அவர்களும் வரவில்லை.

மனைவி சந்தனக்கனி ஒரு தவணை வைத்தாள். "அடுத்த வாரம் சனிக்கிழமை பொழுது சாயற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள முன்னால போச்சுன்னா சரி. இல்லன்னா பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லிருவேன். எந்தம்பி புது வண்டி எடுத்துட்டு வந்து உங்களை ஏத்திட்டுப் போவான், இறக்கி விடுவான்."

"உந்தம்பி என்னை ஏத்தி இறக்கவா? நான் என்ன உப்பு மூட்டையா?"

"உப்பு மூட்டை இப்பிடிக் கத்தாது" என்றாள் சந்தனக்கனி.

*

ஏழாவதாக அவர் போன இடம் ஜெனோவாவின் பட்டறை. அவளுக்கு முப்பது வயது இருக்கும். விசைப்படகுகளின் கியர் பெட்டி பார்ப்பவள். படகுப் பெட்டியும் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வதுதான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் அது. படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. அவளுடைய மூன்று ஆட்களும் மூன்று படகுக்குள் கிடந்தார்கள். அவளுக்கு ஏழாம் மாதம்.

தங்கப்பழம் கம்பை ஊன்றி வாசலில் நின்றார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தது போலச் சிரித்தாள்.

"பின்னால மட்டும் போற வண்டியா அண்ணாச்சி?"

"ஊர் பூரா தெரிஞ்சிருச்சா? சரி, பாப்பியா மாட்டியா?"

"பாப்பேன். ஆனா என்னால குனிய முடியாது, டாக்டரம்மா கொன்னுருவாங்க. ஆளும் கிடையாது. நான் உங்க வீட்டுக்கு வந்து உக்காந்துக்கிடுதேன். பெட்டியை இறக்க வேண்டியது நீங்க."

தங்கப்பழத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. "நக்கலா? ஒத்தைக் காலை வச்சுக்கிட்டு நான் இறக்கவா?"

"படுத்துக்கிட்டுச் செய்யற வேலைதானே. அதுல காலுக்கு என்ன வேலை?"

நாற்பது வருஷத்தில் ஒருவரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. பாவம் என்பார்கள், இல்லையென்றால் ஒதுங்கிப் போவார்கள்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றாள் ஜெனோவா. "கோபத்துல ஸ்பானரை எறியக் கூடாது. எறிஞ்சா அன்னைக்கு வேலை முடிஞ்சுது. நான் எழுந்து போயிருவேன்."

"ரெண்டு தடவை பொறுத்துக்கோ."

"கிடையாது."

"சரி, ஒரு தடவை. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

"கிடையாது அண்ணாச்சி."

தங்கப்பழம் தோற்ற முதல் பேரம் அது. வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஆறு ஆம்பளை முடியாதுன்னானுவ. நீ எதைப் பாத்து என்னை நம்புதே?"

"பெட்டி ஏறட்டும். சொல்லுதேன்."

*

புதன்கிழமை ஜெனோவா வந்தாள். சந்தனக்கனி சாக்குக் கட்டு இரண்டை அடுக்கி, மேலே ஒரு போர்வையை விரித்து ஆசனம் போட்டுக் கொடுத்தாள். "குருவம்மா வந்தாச்சு, பாடத்தை ஆரம்பிங்க" என்று புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டு மோர் கலக்கப் போனாள்.

முதல் நாள் பாடம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அடியில் துருப்பிடித்த போல்ட் ஒன்று அசையவில்லை. தங்கப்பழம் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து ஸ்பானரில் முடித்தார். அது கொட்டகைத் தகரத்தில் மோதிக் கோயில் மணி மாதிரி ஒலித்தது.

ஜெனோவா மோரைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஏய், எங்க போறே? ஒரே ஒரு ஸ்பானர்தானே!"

அடுத்த நாள் வந்தபோது அந்தப் போல்ட்டில் எண்ணெய் பூசி ஊறப்போட்டிருந்தது. யார் பூசியது என்று அவள் கேட்கவில்லை. அவர் ஸ்பானரை வைத்து மெல்ல இழுத்தார். கிரீச் என்றது. வந்துவிட்டது.

அந்த நாளிலிருந்து ஸ்பானர் பறக்கவில்லை. வாய் மட்டும் பறந்தது. வாய்க்கு நிபந்தனை இல்லை என்பதைத் தங்கப்பழம் கேட்டு உறுதி செய்துகொண்டிருந்தார்.

வண்டியைத் தூக்கி, நாலு சக்கரத்துக்கும் கீழே பனங்கட்டை கொடுக்கச் சொன்னாள். ஜாக்கியை நம்பி அடியில் போனவர்கள் இரண்டு பேரைத் தனக்குத் தெரியும் என்றாள். அவர்களிடம் இனிப் பேச முடியாது என்றாள். பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னாள். எண்ணெயை வடிக்கச் சொன்னாள். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்து வந்தது. ஒரு சொட்டை விரலில் தொட்டு மோந்து பார்த்தாள்.

"தீஞ்சிருக்கு. உள்ள ஏதோ ஒரு சீல் கிழிஞ்சு அழுத்தம் போயிருக்கு. முன்னால இழுக்கற தகடுக வழுக்கி வழுக்கிக் கருகிட்டு. பின்னால இழுக்கற தகடு தனி. அதுனாலதான் அது பொழைச்சுக் கிடக்கு."

"மோந்து பாத்தே சொல்லுதியே. எங்க படிச்சே?"

"அப்பா படகு எஞ்சின் பாப்பாரு. அடிச்சு அடிச்சுச் சொல்லித் தந்தாரு. நான் அடிக்காமச் சொல்லித் தாறேன்."

கழற்றிய போல்ட்டுகளை டப்பாவில் போடப் போனார். அவள் தடுத்தாள். ஒவ்வொன்றும் ஒரு நீளம், மாறினால் வினை என்றாள். தங்கப்பழம் யோசித்தார். வெள்ளைச் சாக்கு ஒன்றைத் தரையில் விரித்து, வண்டியின் அடிவயிற்றைக் கரியால் அதில் வரைந்தார். எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ, படத்தில் அந்த இடத்திலேயே குத்தி வைத்தார்.

ஜெனோவா அந்தச் சாக்கையே வெகுநேரம் பார்த்தாள். "எம்பட்டறையில மூணு பேர் இருக்கானுவ அண்ணாச்சி. ஒருத்தனுக்கும் இது தோணல."

அவருக்கு வெட்கமாகப் போயிற்று. அதை மறைக்கச் சந்தனக்கனியை ஒரு அதட்டு அதட்டினார்.

எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே பெரிய இரும்புப் பூசணிக்காய் போல ஒன்று இருந்தது. எஞ்சின் சுற்றும் சுற்றை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்துவது அதுதான். அதற்கு அவள் சொன்ன இங்கிலீஷ் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. பூசணிக்காய் என்றே வைத்துக்கொண்டார்கள். எஞ்சினோடு அதைப் பிடித்திருந்த ஆறு போல்ட்டுகளையும் ஒரு சின்ன ஓட்டை வழியாகத்தான் எட்ட முடியும். ஒன்றைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றினால்தான் அடுத்தது ஓட்டைக்கு வரும். சந்தனக்கனி முன்னால் நின்று நீளமான பிடியால் சுற்றினாள்.

"இன்னும் கொஞ்சம். இன்னும். நில்லு! நில்லுன்னா நிக்கணும்ளா!"

"கல்யாணமாகி முப்பது வருஷத்துல ஒரு நாள் எனக்கு மாவாட்டித் தந்திருக்கீங்களா? பேசாமப் படுங்க."

வெள்ளிக்கிழமை மதியம் பெட்டி இறங்கியது. எண்பது கிலோ. ஒரு ஜாக்கிதான் இருந்தது, நழுவினால் நெஞ்சில் விழும். தங்கப்பழம் மறுபடி யோசித்தார். பெட்டிக்கு நேர் கீழே வெறுஞ்சாக்குகளை வண்டியின் அடிவயிறு வரைக்கும் அடுக்கச் சொன்னார். ஜாக்கியால் பெட்டியை ஒரு பொட்டு ஏற்றி நாலு சாக்கை உருவினார்கள், ஒரு பொட்டு இறக்கினார்கள். மறுபடி நாலு. நழுவினாலும் நாலு சாக்கு உயரம்தான் விழும். ஒரு மணி நேரத்தில் பெட்டி சப்தமில்லாமல், தூங்குகிற பிள்ளையைப் பாயில் போடுவது போல, தரைக்கு வந்தது.

ஜெனோவா எழுந்து நின்றாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எம்பிள்ளைக்கு நான் இதைச் சொல்லுவேன்."

தங்கப்பழம் அடியிலேயே கிடந்தார். முகமெல்லாம் எண்ணெய். வெளியே வர மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார்.

*

பழைய கதவு ஒன்றை மேசையாக்கிப் பெட்டியைத் திறந்தார்கள். இனி அவள் வேலை. எலும்பைத் தனித்தனியாக எடுத்து வைப்பது போல எடுத்து வைத்தாள். சொன்னபடியே சீல் கிழிந்திருந்தது. சொன்னபடியே தகடுகள் கருகியிருந்தன. புதுத் தகடு கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தது. அவள் விரல்கள் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை, ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. தங்கப்பழம் முக்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தார். பேரத்துக்கு வந்தவர்கள் மூன்று பேரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

"எம்மா, இப்பமாவது சொல்லு. எதைப் பாத்து நம்பினே?"

"பெட்டி ஏறட்டும்."

அடுத்த வியாழக்கிழமை பெட்டி மூடியாயிற்று. அதை நெட்டுக்குத்தாக நிறுத்தி, பூசணிக்காயை மேலே வைத்து, மெல்லச் சுற்றச் சொன்னாள். சுற்றும்போதே டொக் என்று ஒரு படி இறங்கியது. இன்னும் சுற்றச் சொன்னாள். டொக். மூன்றாவது படிக்கு வெகுநேரம் ஆனது. டொக்.

"மூணு படி. மூணும் இறங்கினாத்தான் உக்காந்ததுன்னு அர்த்தம். மூணும் இறங்கிருச்சுன்னா கையால தள்ளினாலே பெட்டி எஞ்சினோட போய்ச் சேரும்." அவள் ஒரு கம்பியைக் குறுக்கே கட்டினாள். "தூக்கும்போது பூசணிக்காய் நழுவி முன்னால வந்துரும். இந்தக் கம்பி இருக்கணும். சனிக்கிழமை காலையில ஆஸ்பத்திரிக்குப் போகணும், மதியம் வந்துருவேன். வந்த பிறகு ஏத்துவோம்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரன் தெருவில் போனான். சும்மா போகவில்லை. வாசலில் நின்று, கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "சாயங்காலம் வாறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன்பிறகு தங்கப்பழத்தால் மதியம் வரை உட்கார முடியுமா?

சந்தனக்கனியை ஜாக்கிக்கு வைத்தார். சாக்கை நாலு நாலாகச் செருகிப் பெட்டியை ஏற்றினார். கம்பி இடிக்கிறது என்று பாதியிலேயே அதை அவிழ்த்தார். பூசணிக்காய் இருந்த பக்கம், பெட்டியின் மூக்கு, கொஞ்சம் கீழே சாய்ந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

எஞ்சினுக்குப் பக்கத்தில் போன பெட்டி நின்றுவிட்டது. நடுவே இடைவெளி. சரியாக ஒரு விரல்.

தள்ளினார். போகவில்லை. ஆட்டினார். போகவில்லை. திட்டினார். அதற்கும் போகவில்லை. பிறகு இரண்டு நீளப் போல்ட்டுகளை எடுத்து ஓரங்களில் கோத்து, ஸ்பானரால் முறுக்கி இழுத்தார். முனகிக்கொண்டே பெட்டி வந்தது. அரை விரல் வந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஏளா, பாதி வழிக்கு வந்துட்டான்! இனி படிஞ்சுருவான்!"

"அண்ணாச்சி."

வாசலில் ஜெனோவா நின்றிருந்தாள். கையில் ஆஸ்பத்திரி ஃபைல். அவள் மெல்ல நடந்து வந்தாள். குனியக் கூடாதவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, சுண்டுவிரலை அந்த இடைவெளியில் வைத்து அளந்தாள்.

"அரை விரல் அது, அரை விரல் நீங்க. இது யார்கிட்ட பேசின பேரம்?"

தங்கப்பழம் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தார். "பாதிதான் பாக்கி! இன்னும் நாலு சுத்துச் சுத்தினா ஒட்டிக்கும்!"

"இன்னும் ஒரு சுத்துச் சுத்தியிருந்தா உள்ள பம்பு உடைஞ்சிருக்கும். பூசணிக்காய் ரெண்டு படி நழுவி முன்னால வந்து நிக்கி. இறக்குங்க."

"இறக்கவா? மணி என்ன தெரியுமா? பொழுது சாய அவன் வந்து நிப்பான்!"

"இறக்கணும்."

"நாப்பது வருஷம்! நாப்பது வருஷமா எவனையும் பாதி வழிக்கு இழுத்துட்டு வந்து முடிச்சிருக்கேன். கலெக்டரே பாதி வழிக்கு வந்திருக்காரு! இந்த இரும்புச் சனியன் மட்டும் வராதா?"

கை ஸ்பானரோடு மேலே போனது.

சந்தனக்கனி ஜாக்கியின் பிடியை விடவில்லை. ஜெனோவா அவர் கையைப் பார்க்கவில்லை. தன் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்தாள். அது அவள் விரலில்தான் தொங்கியது.

கை அங்கேயே நின்றது.

பிறகு கை இறங்கியது. தரையில் விரித்திருந்த வெள்ளைச் சாக்கில், கரியால் வரைந்த வண்டியின் பக்கத்தில், ஸ்பானரை ஓசையில்லாமல் வைத்தார். தவழ்ந்து அடியில் போனார்.

ஜெனோவா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இரண்டு போல்ட்டையும் கழற்றினார். பெட்டியைப் பின்னால் இழுத்தார். மூக்கைத் தூக்கிப் பிடிக்க நாலு சாக்கை முன்னால் செருகச் சொன்னார். டார்ச்சை உள்ளே அடித்துப் பார்க்கச் சொன்னாள் ஜெனோவா. பம்பு உடைந்திருக்கவில்லை. பிறகு பூசணிக்காயின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தார்.

சுற்றினார். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. வெளியே தெருவில் ஒரு தள்ளுவண்டி போகும் சத்தம் கேட்டது. அது இரும்புக்காரனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அழுத்தம் உள்ளங்கையில் பாதியானது. பிறகு அதிலும் பாதி. தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். வாய் மெதுவாக எதையோ திட்டிக்கொண்டிருந்தது. கை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

டொக்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று சந்தனக்கனிக்குத் தெரியவில்லை. ஜாக்கியைப் பிடித்த கை மரத்துப் போனது.

டொக்.

"மூணு" என்றாள் ஜெனோவா. "கம்பி."

கம்பி கட்டி, மூக்கைச் சாய விடாமல், ஒவ்வொரு சாக்காகச் செருகி ஏற்றினார்கள். எஞ்சினும் பெட்டியும் முகத்தோடு முகம் வந்ததும் கம்பியை உருவினார். போல்ட் இல்லை, ஸ்பானர் இல்லை. உள்ளங்கையால் ஒரு தள்ளு. பெட்டி போய் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. நடுவே ஒரு காகிதம் நுழைய இடமில்லை.

"இப்பம் போல்ட்டைப் போடுங்க" என்றாள் ஜெனோவா. "அதுக்கு வேலை பிடிச்சுக்கிடறது மட்டும்தான்."

*

பொழுது சாய அரை மணி இருந்தது. புது எண்ணெய் ஊற்றியாயிற்று. பனங்கட்டைகளை எடுத்தாயிற்று. பழைய இரும்புக்காரன் சொன்ன சொல் தவறாமல் வந்து, வாசல் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றான்.

தங்கப்பழம் கம்பைச் சந்தனக்கனியிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். பிரேக்கை மிதித்துக் குச்சியை முன்னால் போக வைத்தார். உள்ளே எங்கோ ஒரு சின்ன அசைவு, உறங்கினவன் புரண்டு படுத்தது போல. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி முன்னால் நகர்ந்தது.

கொட்டகையை விட்டு வெளியே வந்து, இரும்புக்காரனைக் கடந்து, தெருமுக்குத் திரும்பி மறைந்தது. சந்தனக்கனி கம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி இவரைப் பிடிக்க முடியாதே" என்றாள். இரும்புக்காரன் பக்கம் திரும்பி, "நீ என்ன வேடிக்கை பாக்குதே? போ, போ" என்றாள்.

கால் மணி நேரம் கழித்து வண்டி வந்தது. தங்கப்பழம் இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு அப்பிய இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஜெனோவா பக்கத்துக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"பெட்டி ஏறிட்டு" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "இப்பம் சொல்லு. நான் கோவக்காரன். ஒரு கால் விளங்காதவன். ஒரு மணி நேரம் சேந்தாப்பல பொறுமையா இருந்ததா எம்பொண்டாட்டிகூடச் சொல்ல மாட்டா. எதைப் பாத்தும்மா என்னை நம்பினே?"

"அந்தத் திங்கக்கிழமை துறைமுக முக்குல உங்க வண்டியைத் தொடர்ந்து வந்த ஸ்கூட்டர் ஒண்ணு ஒதுங்கி நின்னுச்சே. அது நான்தான்."

தங்கப்பழம் யோசித்தார். ஞாபகம் வந்தது. முகம் சிறுத்துவிட்டது.

"கோழியா? அதைத் திட்டிக்கிட்டேல்லா நின்னேன்?"

"ஆமா" என்றாள் ஜெனோவா. "காது குடுத்துக் கேக்க முடியல. ஆனா அந்தக் கடைசிக் குஞ்சு ஏறுற வரைக்கும் நின்னீங்க."